உண்மை நகலும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டும்

எழுபது வயதைத் தாண்டிய ஆளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நினைக்கலாம். நியாயம்தான். மூன்று வருடம் முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பென்ஷன், சர்க்கரை வியாதி, காவிரிப் பாலத்தில் காலை நடை என்று எழுதிக்கொண்டிருந்தவனை இந்தப் பக்கம் திருப்பியவன் என் பேரன். அவனோடு சேர்த்து, நான் பார்த்த பழைய வேலையும், இருபது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு சின்னத் தப்பும் இதில் இருக்கின்றன.

2022 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பள்ளிபாளையத்தில் மத்தியானத் தூக்கம் என்றால் தறிச் சத்தத்தோடுதான். புதுச்சேரியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சத்தம் மண்டையைக் குடைந்தது. இப்போது தறி நின்றால்தான் விழிப்பு வருகிறது. அன்று கரண்ட் போய்த் தறி நின்றது, எழுந்துவிட்டேன். பக்கத்து அறையில் யாரோ ஒரு ஆண் தமிழில் ஏதோ சொல்ல, இன்னொருவர் தமிழிலேயே பதில் சொல்கிறார். பேச்சில் ஒரு படைவீரத் தோரணை. எட்டிப் பார்த்தால், பேரன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் யானைகள், கப்பல்கள், மரம் வெட்டுகிற ஆட்கள்.

"என்னடா அது, தமிழ்ல பேசுது?"

"சோழர் படைங்க அப்புச்சி. ராஜேந்திர சோழன் கட்டம் ஆடறேன்."

அப்புச்சி என்றால் இந்தப் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தா. முதலில் அந்த அழைப்புக்கே எனக்குச் சிரிப்பு வரும், இப்போது பழகிவிட்டது. அன்று சிரிக்கத் தோன்றவில்லை. அவன் ஆடுகிற விளையாட்டு எனக்குத் தெரிந்த விளையாட்டு. அதன் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், இரண்டாம் பாகம். இருபது வருடத்துக்கு முன் இதே விளையாட்டை என் மகன் ஆடினான். அப்போது அதில் ராஜேந்திரனும் இல்லை, தமிழும் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்திய பிறகு மற்றவர் நகர்த்துவார். இதில் முறை வைத்து ஆடுவது கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் யோசிக்கிற நேரத்தில் எதிராளி கோட்டை கட்டிவிடுவான். முதலில் கையில் பொதுவாக மூன்று குடியானவர்கள்தான். அவர்களை விட்டு மரம் வெட்டி, வயல் போட்டு, பொன்னும் கல்லும் தோண்டி, வீடு கட்டி, பிறகுதான் படை திரட்ட முடியும். சோறு இல்லாமல் சண்டை இல்லை என்பதுதான் இதன் முதல் பாடம். குடும்பம் நடத்தியவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். 2000-ஆம் வருடம் ஜி.பி.எஃப். லோன் போட்டு முத்தியால்பேட்டை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மகன் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். கொஞ்ச நாளில் ஒரு சிடி வந்து சேர்ந்தது. நண்பனிடம் நகலெடுத்தது, மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது அவன் அறையிலிருந்து பிரெஞ்சு கேட்டது. என்னைத் தவிர எங்கள் வீட்டில் பிரெஞ்சு பேச ஆள் கிடையாது. உள்ளே போனேன். திரையில் கவசம் போட்ட ஒரு பெண் குதிரையில் போய்க்கொண்டிருந்தாள். பிரெஞ்சு வீரர்கள் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்கள்.

"யாருடா இது?"

"ஜோன் ஆஃப் ஆர்க்காம்ப்பா. இவளைக் கூட்டிட்டுப் போயி ராஜாகிட்ட சேர்க்கணும். ஊரு பேரு சினானோ என்னமோ."

"சினான் இல்லடா, ஷினோன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று இரவு சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒன்பதரைக்குத்தான் எழுந்தோம்.

காரணம் இருக்கிறது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போனபோது எனக்கு நாலு வயது. துரைமார் போனாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகவில்லை. பிரெஞ்சு படித்தால் பையனுக்கு நல்ல வேலை என்று நம்பி என் தகப்பனார் அதில் சேர்த்தார். நம் முன்னோர் கோல் இனத்தவர் என்று ஆரம்பிக்கும் சரித்திரத்தைக் கால்சட்டை போட்ட தமிழ்ப் பையன்கள் முப்பது பேர் ஒரே குரலில் ஒப்பித்தோம். ழான் தார்க் பிறந்த ஊர் தோம்ரெமி, ஓர்லேயான் முற்றுகையை முறித்தது 1429, ரூவானில் எரித்தது 1431 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு ஊர் இருப்பதே எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஆபீஸிலிருந்து டூர் போன வேன் சிதம்பரம் தாண்டி அங்கே நின்றது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நின்றேன்.

ஆக, 1999-இல் அமெரிக்காவில் செய்து விற்ற அந்த விளையாட்டுக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ழான் தார்க் உண்டு, இரண்டிலும் ராஜேந்திரன் இல்லை. பிராங்குகள், பிரித்தானியர், துருக்கர், சீனர், ஜப்பானியர், மங்கோலியர் எல்லோரும் இருந்த விளையாட்டில் இந்தியா என்ற நாடே இல்லை.

இனி என் தப்பு. மகன் பிளஸ் டூ படித்த வருடம். அரையாண்டில் இயற்பியல் மார்க்கைப் பார்த்தேன். அன்று மத்தியானம் அவன் வீட்டில் இல்லாத நேரம் அந்தச் சிடியை எடுத்து இரண்டாக உடைத்தேன். அவன் தேடியபோது, "எனக்கென்னடா தெரியும், நீ எங்க வெச்சியோ" என்றேன். ழான் தார்க்கை ஷினோன் வரை சேர்த்துவைக்கக் கூடவே உட்கார்ந்திருந்த அப்பன்தான் அதைச் செய்தவன். அவனும் கேட்பதை விட்டான். அதற்குப் பிறகு அவன் அறைக்குள் நான் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவும் இல்லை. இன்று அவன் மொன்றியாலில் இருக்கிறான். போனில் பேசுவோம். சாப்பிட்டியா, பனி எப்படி, மாத்திரை போட்டீங்களா. அதோடு சரி.

இந்த விளையாட்டு திரும்பி வந்த கதையைப் பேரனும் மகனும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதைச் செய்த கம்பெனியின் பெயர் ஆன்சாம்பிள் ஸ்டூடியோஸ். பிரெஞ்சுச் சொல்தான், சேர்ந்து என்று பொருள். 2009-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே மூடிவிட்டது. ஆனால் ஆடியவர்கள் விடவில்லை. அவர்களில் சிலர் சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில், விளையாட்டில் விடுபட்ட நாடுகளைத் தாங்களே எழுதிச் சேர்த்து 2012 டிசம்பரில் வெளியிட்டார்கள். மறக்கப்பட்ட பேரரசுகள் என்பதுதான் அவர்கள் வைத்த பெயர். இந்தியர் அதில்தான் முதலில் வந்தார்கள். அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் அதை ஏற்று விற்பனைக்கே விட்டது. அதே ஆட்கள் பிறகு கம்பெனியாகி, மற்ற இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து முழு விளையாட்டையும் புதுப்பித்தார்கள். 2019 நவம்பர் 14-ஆம் தேதி அது வந்தது. படம் எல்லாம் புதிது. கணக்கும் ஆட்டமும் பழையது.

இங்கேதான் என் உத்தியோகம் குறுக்கே வருகிறது. புதுச்சேரியில் நான் பார்த்த வேலைகளில் நீண்ட நாள் பார்த்தது பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவேடுகளிலிருந்து நகல் எழுதிக் கொடுப்பது. தாள் பொடியும், மை மங்கும், பூச்சி அரித்திருக்கும். அதிலிருந்து எழுதிக் கீழே 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு வயதானவர் வந்தார். அவர் தகப்பனார் பெயர் பதிவேட்டில் தப்பாக இருந்தது. எழுதிய பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். சுப்பராயன் சுப்பையன் ஆகிவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் கர்வமும்தான், எனக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும் அல்லவா? நகலில் சரியான பெயரை எழுதி மேஜையில் வைத்தேன். எங்கள் தலைமை எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு நாலாகக் கிழித்தார். "நீ நகல் எடுக்க வந்தியா, சரித்திரம் எழுத வந்தியா?" என்றார்.

பிறகு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். தப்பு இருந்தால் தப்போடுதான் எழுத வேண்டும். திருத்த வழி இருக்கிறது: சம்பந்தப்பட்டவர் மனுப் போடுவார், கோர்ட் தீர்ப்புத் தரும். தீர்ப்பு வந்த பிறகும் பழைய எழுத்தை அடிக்கவோ சுரண்டவோ கூடாது. பக்கத்தின் ஓரத்தில், இன்ன தேதித் தீர்ப்பின்படி இந்தப் பெயரை இப்படி வாசிக்கவும் என்று குறிப்பு எழுத வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், யார் கேட்டுத் திருத்தினார்கள் என்பதும் இருக்கும். அந்தக் கிழவரும் அந்த வழியிலேயே போய், வருடம் தாண்டித் திருத்தம் வாங்கினார். நானே ஓரக்குறிப்பு எழுதினேன்.

பழைய விளையாட்டைப் புதுப்பிப்பவர்களை நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

இதே ஜாதி விளையாட்டில் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகம் என்று ஒன்று உண்டு, 2002-இல் வந்தது. அதை 2020 ஜனவரியில் புதுப்பித்து விட்டார்கள். படம் அழகுதான் என்கிறான் மகன். ஆனால் பழைய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் புதியதை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதில் பழைய வசதிகள் சில காணாமல் போயிருந்தன. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்து, கேட்டவர்களுக்குக் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் பாஷையில் சொன்னால், நகல் எழுதியவன் நகல் முடிந்ததும் பதிவேட்டைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டான்.

அதே வருடம் ஜூன் மாதம் கமாண்ட் அண்ட் கான்கர் என்ற 1995-ஆம் வருடத்து விளையாட்டைப் புதுப்பித்தார்கள். பழைய விளையாட்டைச் செய்தவர்களில் சிலரையே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கதைக் கட்டங்களை ஆடும்போது ஒரு பட்டனைத் தட்டினால் புதிய படம் மறைந்து 1995-ஆம் வருடத்துப் படம் வரும். மறுபடி தட்டினால் புதியது. அசலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில். அதோடு விளையாட்டின் உள்ளே இருக்கும் புரோகிராம் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார்கள். இதைக் கேட்டால் எங்கள் தலைமை எழுத்தர் எழுந்து நின்று கை கொடுத்திருப்பார்.

நம் விளையாட்டுக்கு வருவோம். மாமனும் மருமகனும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சேர்ந்து ஆடுகிறார்கள். அங்கே சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. நடுவில் வாக்குவாதம் வரும். "எங்க காலத்துல வயல் தீர்ந்து போச்சுன்னா நாமளே போயி மறுபடி விதைக்கணும்டா. இப்ப அதுவே விதைச்சுக்குது. உங்களுக்கெல்லாம் சொகுசு" என்று மகன் சொல்வான். "தறிகூட முன்ன கையிலதான் ஓட்டுனாங்க மாமா, இப்ப கரண்ட்ல ஓடலீங்களா?" என்பான் இவன். பள்ளிபாளையத்துப் பையன் வேறு எப்படிச் சொல்வான்? நான் இவன் பக்கம். வேலைப் பளுவைக் குறைப்பது அசலைக் கெடுப்பது ஆகாது. எங்களுக்கும் கார்பன் பேப்பர் போய் ஜெராக்ஸ் வந்தபோது நகல் பொய்யாகிவிடவில்லை.

பெயர் திருத்தம்தான் பெரிய விஷயம். முதலில் சேர்த்த 'இந்தியர்' எப்படி இருந்தார்கள் தெரியுமா? காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லோரும் ஒரே பெயர், ஒரே படை. அந்தப் படையின் பெருமை ஒட்டகம். ராஜேந்திரன் கங்கைக்கு ஒட்டகத்திலா போனான்? ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பில் பழைய இந்தியருக்கு ஹிந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றினார்கள். வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். திராவிடருக்குக் கப்பலும் காலாட்படையும் பலம், குதிரை பலவீனம். இது சரிதான். நம் பக்கத்து மண்ணில் நல்ல போர்க்குதிரை விளையாது. பாண்டியர்கள் அரபு வணிகரிடம் பெரும் பணம் கொடுத்துக் குதிரை இறக்கியதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். ராஜேந்திரனுக்கென்று தனிக் கதை, இலங்கை, கங்கை, 1025-இல் கடாரம் வரை. அந்தக் கடல் கடந்த ஸ்ரீவிஜயம் ஒரு பேரரசின் பெயர் என்று 1918-இல் நிறுவிக் கட்டுரை எழுதியவர் ழார்ழ் ஸெதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். நான் படித்த மொழியிலேயே இருந்த விஷயம், என் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

திருத்தத்தில் தப்பே இல்லையா? இருக்கிறது. திராவிடர் என்ற ஒரே பெயருக்குள் தென்னாடு முழுவதையும் அடைத்துவிட்டார்கள். இந்தியர் என்று முன்பு செய்த தப்பைச் சின்ன அளவில் திரும்பச் செய்தது போலத்தான். தனி வீரனாக உருமிக்காரனைக் கொடுத்திருக்கிறார்கள். உருமி என்ற சுருள்வாளைக் கேரளத்துக் களரியில்தான் அதிகம் பார்க்கலாம். சோழர் கப்பலுக்குத் திரிசடை என்று பெயர். திரிசடை என்றால் எனக்கு அசோகவனத்தில் சீதைக்குத் துணை இருந்த விபீஷணன் மகள்தான் நினைவுக்கு வருகிறாள். அவள் மேலேறிக் கடாரம் போவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் என் காதுக்கு அது தஞ்சாவூர் ஆள் பேசுகிற மாதிரி இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திராவிடருக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்பம் உண்டு. அதை வாங்கிவிட்டால் நம் வாள் எதிரியின் கவசத்தை மதிக்காது. பெயர் 'வூட்ஸ் ஸ்டீல்'. பேரன் அதை ஏதோ வெள்ளைக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அது நம்ம உருக்குடா. உருக்குங்கற வார்த்தைதான் வாய் மாறி அப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. அந்த உருக்கு அடிச்ச ஊரு இங்க பக்கத்துலதான் இருக்கு, வா" என்றேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வண்டியில் கொடுமணல் போனோம். பாலம் தாண்டி ஈரோடு, சென்னிமலை, அப்புறம் நொய்யல் கரை. 1980-களிலிருந்து பல முறை அகழ்ந்த இடம். இரும்பு உருக்கிய உலை, மூசைத் துண்டுகள், மணி செய்த பட்டறை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ராஜேந்திரனுக்கே ஆயிரம் வருடம் முந்தியது அந்த உலை. போனால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, வயலும் கல்வட்டமும்தான். பேரன் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கயா அப்புச்சி? போர்டு வெச்சா ஆளுக வருவாங்கல்ல?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற உலையை, உலகத்தின் மறுகோடியில் யாரோ செய்த விளையாட்டு சொல்லித்தான் இவன் பார்க்க வந்திருக்கிறான்.

அங்கேதான் என் மனதில் ஒன்று உறைத்தது. எங்கள் ஆபீஸ் விதிப்படி, பெயர் திருத்தம் வேண்டுமென்றால் பெயருக்கு உரியவர் மனுப் போட வேண்டும். இங்கே மனுப் போட்டது யார்? உலகத்தின் பல மூலைகளில் இருந்த விளையாட்டுப் பைத்தியங்கள். இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நமக்காக அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வரை எழுதினார்கள். உருமியும் திரிசடையும் அப்படித்தான் வந்தன. பக்கத்து வீட்டுக்காரன் போய் நம் பெயரைப் பதிந்துவிட்டு வந்தால் எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். அவனைத் திட்டி என்ன பயன்? இதே வகையில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்த விளையாட்டு ஏதாவது உண்டா என்று பேரனைக் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

விளையாட்டை வைத்துச் சரித்திரம் படிக்கச் சொல்லவில்லை. அது ஒரு வாசல், அவ்வளவுதான். ஆனால் எந்த வாசலில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கு முக்கியம். ழான் தார்க் பெயர் எழுதிய வாசல் வழியாக உள்ளே போனவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

கடைசியாக இரண்டு விஷயம். ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் பேரன் காபி குடிக்கப் போனான். திரையில் மகன் இருந்தான். பதிவேட்டில் ஓரக்குறிப்பு எழுதுகிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பழைய சிடி தொலையலடா. நான்தான் உடைச்சேன்."

அவன் சிரித்தான். "அப்பவே தெரியும்ப்பா. பாதித் துண்டு குப்பைக் கூடையில கெடந்துச்சே. மறுநாளே இன்னொரு காப்பி எடுத்துட்டேன்."

இருபது வருடம் நான் சுமந்த குற்றத்துக்கு அவனிடம் ஒரு நகல் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஷினோனில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினோம். மாத்திரையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

இரண்டாவது விஷயம் இளைஞர்களுக்கு. ஜீரோ ஏ.டி. என்று இன்னொரு விளையாட்டு இருக்கிறதாம். இதே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை மாற்றி எழுதலாம் என்று ஆரம்பித்த யோசனை, பிறகு தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. முழுக்கத் தன்னார்வலர் செய்தது, இலவசம். உள்ளே இருக்கும் எழுத்து முழுவதும் திறந்து கிடக்கிறது, யாரும் எடுத்துச் சேர்த்து எழுதலாம். அதன் காலம் கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை. கொடுமணல் உலை எரிந்த காலமும் அதற்குள்தான். பேரனைப் பட்டியல் வாசிக்கச் சொன்னேன். ரோமர் இருக்கிறார்கள், மௌரியர் இருக்கிறார்கள். என் பள்ளிக்கூடப் புத்தகத்து முன்னோர்கள் கோல்களும் இருக்கிறார்கள். சேரர், சோழர், பாண்டியர் மூவரும் இல்லை.

இதற்குக் கோர்ட் வேண்டாம், கட்டணம் வேண்டாம். நம் பக்கத்துக் காலேஜ்களில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் மனுப் போட்டுவிடலாம். பெயர்களைச் சரிபார்க்க, தமிழ் எழுதிக் கொடுக்க, பிழை திருத்த ஒரு பழைய குமாஸ்தா பள்ளிபாளையத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தறிச் சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.